சுவரைப் பார்க்கும் பலகை

என் அம்மாவைப் புதைத்துவிட்டு வழிகாட்டிகளின் வீட்டுக்கு வந்து நின்றபோது, அவளுக்குப் பலகை இல்லை என்பது மட்டும்தான் எனக்கு உறைத்தது.

எங்கள் காட்டுக்குப் பறவை பார்க்க வருகிறவர்களைக் கூட்டிப்போகும் ஒவ்வொருவருக்கும் அந்த வீட்டின் முன்னறைச் சுவரில் ஒரு சின்ன ஓக் பலகை உண்டு. பழுக்கக் காய்ச்சிய ஆணியால் பெயர் சுட்டிருக்கும். வழிகாட்டி இறந்தால், அடக்கம் முடிந்த கையோடு மற்றவர்கள் வந்து அவர் பலகையைச் சுவர்ப்பக்கம் திருப்பித் தொங்கவிட்டு, ஆளுக்கு ஒரு சின்னக் கிளாஸ் வோட்கா குடித்துவிட்டுப் போவார்கள். அவ்வளவுதான் சடங்கு.

அம்மாவின் கொக்கி வெறுமனே இருந்தது. திருப்புவதற்கு எதுவும் இல்லை. கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். அர்செனிதான் முதலில் குடித்தார்.

அந்தப் பலகையைக் கழற்றியவர் அவர். என் ஞானத்தகப்பனும் அவர்தான்.

ஆஸ்பத்திரியில் அம்மா தெளிவாகச் சொல்லியிருந்தாள். "அவன் என் சவப்பெட்டியில கை வைக்கக் கூடாது." அடக்கத்தன்று அவர் கை வைத்துத் தூக்கினார். முன்பக்கம், வலது மூலை. நான் அவரை நோக்கி நகர்ந்தபோது லூபா அத்தை என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப வேணாம்டி. விட்டான்னா உங்கம்மா கீழ விழுந்துருவா."

அதனால் காத்திருந்தேன்.

அம்மாவின் பெயர் அனிசியா. காட்டின் ஓரத்தில் ஒரு குக்கிராமத்தில் பிறந்தவள். வனத்துறை நாற்றுப் பண்ணையில் குந்தி உட்கார்ந்து ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரக் கன்று நடுவது அவள் முதல் வேலை. பக்கத்து வரிசையில் நட்டவர் அர்செனி. அவள் வேகமாக நடுவாள். அவர் நேராக நடுவார். அதை வைத்தே இரண்டு பேரும் ஒருவரையொருவர் கிண்டல் செய்து, அந்தக் கிண்டலிலேயே நண்பர்கள் ஆனார்கள். என் அப்பா இன்னொரு பெண்ணோடு துறைமுக ஊருக்குப் போனபோது, என்னைத் தேவாலயத்தில் ஞானஸ்நானத்துக்குக் கையில் ஏந்த ஆள் தேவைப்பட்டது. அர்செனி ஏந்தினார்.

எல்லை திறந்து வெளிநாட்டுக்காரர்கள் தொலைநோக்கியும் கையுமாக வர ஆரம்பித்தார்கள். எங்கள் பியவோவியேஜா காட்டில்தான் மரத்தை யாரும் வெட்டாமல் விட்டிருக்கிறார்கள், செத்த மரம் நின்ற இடத்திலேயே மட்கி விழுகிறது, அதில்தான் மரங்கொத்தி இருக்கிறது, மரங்கொத்தி குடைந்த பொந்தில்தான் ஆந்தை இருக்கிறது என்று அவர்கள் எங்களுக்கே சொன்னார்கள். வனத்துறை வழிகாட்டிப் பரீட்சை வைத்தது. அம்மாவும் அர்செனியும் எங்கள் சமையலறை மேசையில் உட்கார்ந்து படித்தார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு பறவைப் புத்தகம். சண்டை தாங்காமல் அதை முதுகோடு கிழித்தார்கள். வாத்து, கொக்கு, கழுகு எல்லாம் முன்பாதி, அவருக்கு. ஆந்தையில் தொடங்கும் பின்பாதி அம்மாவுக்கு. மாதம் ஒருமுறை மாற்றிக்கொள்வதாகப் பேச்சு. மாற்றிக்கொள்ளவே இல்லை.

இது சிரிக்கிற விஷயம் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பரீட்சையில் இரண்டு பேரும் தேறினார்கள். ஆனால் கடைசிவரை அம்மாவுக்குக் கழுகு என்றால் கழுகுதான், எந்தக் கழுகு என்று கேட்டால் "மேல பறக்குது, பாருங்க" என்பாள். அர்செனிக்குச் சதுப்பில் ஒரு வாத்து மூக்கை நீட்டினால் போதும், பெயர் சொல்லிவிடுவார். பின்பாதிப் பறவைகளை அவர் அம்மாவிடமிருந்தும் காட்டிலிருந்தும் கற்றுக்கொண்டார். நன்றாகவே கற்றுக்கொண்டார். எங்கள் ஊரில் அவர் காதைப் பற்றி எல்லாரும் பேசினார்கள். அவரும் பேசினார்.

சிக்கல் என்னவென்றால், வாத்து எல்லா நாட்டிலும் இருக்கிறது. வருகிறவர்கள் கேட்டது ஆந்தையை. அதிலும் குட்டி ஆந்தையை. வளர்ந்தும் ஒரு கைப்பிடிக்குள் அடங்குகிற இனம். பகலிலும் அலையும், தன்னைவிடப் பெரிய பறவையைக்கூட அடிக்கும். அம்மா அதைப்போலவே சீழ்க்கை அடிப்பாள். முன்பல் ஒன்று பாதி உடைந்திருந்தது, அதன் வழியாகத்தான் அந்தச் சத்தம் வரும் என்பாள். அரைகுறை ஜெர்மனும் ஆண்பிள்ளைத் தொப்பியும் சட்டைப்பையில் சுட்ட உருளைக்கிழங்குமாக அவள் முன்னால் நடப்பாள். குளிருக்குக் கையைச் சூடாக்கிக்கொள்ளக் கிழங்கு, பசித்தால் தின்னவும் அதே கிழங்கு. விருந்தாளிகள் அடுத்த வருடமும் அவளையே கேட்டு வந்தார்கள். அர்செனியின் குழுக்கள் சின்னதாகிக்கொண்டே போயின.

நான் வார்சாவில் ஒலிப் பொறியியல் படித்துக்கொண்டிருந்த வருடம், மே மாதம், அது நடந்தது. பழைய குறுகிய ரயில் பாதை ஓரமாக ஒரு ஸ்ப்ரூஸ் பொந்தில் குட்டி ஆந்தை முட்டை வைத்திருந்தது. அம்மா சுவிட்சர்லாந்துத் தம்பதியைக் கூட்டிப்போய், தூரத்தில் ஒரு விழுந்த மரத்தின் பின்னால் உட்கார வைத்திருந்தாள். ஆண் ஆந்தை விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அர்செனி தன் ஆட்களுடன் எதிர்ப்பக்கமிருந்து அந்த வழியாக வந்தார். சில நாள் கழித்துக் கூட்டில் பெண் ஆந்தை இல்லை. முட்டை சில்லிட்டுக் கிடந்தது.

கூட்டின் அருகே சத்தம் போட்டு ஆந்தையை இழுப்பது எங்கள் வழிகாட்டிகளிடையே மன்னிக்க முடியாத தப்பு. பதிவு செய்த கூவலை டேப்பில் ஓடவிடுவது அதைவிட மோசம். இன்னொரு ஆந்தை தன் இடத்துக்கு வந்துவிட்டதென்று ஆண் பறவை சண்டைக்கு நிற்கும், உள்ளே அடைகாக்கும் பெண்ணுக்கு இரை கொண்டுபோகாது.

வழிகாட்டிகள் வீட்டு முன்னறையில் கூட்டம் போட்டார்கள். அர்செனி எழுந்து சொன்னதை லூபா அத்தை எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறாள். அந்த வீட்டின் சாவியும் டீ கொதிக்கும் சமோவாரும் அன்றும் இன்றும் அவள் பொறுப்பில்தான்.

"உயிருள்ள ஆந்தை தலையைத் திருப்பித் திருப்பிக் கூப்பிடும். சத்தம் கிட்ட வரும், தள்ளிப் போகும். இது ஒரே பக்கம், ஒரே அளவு. சந்தேகம் தீர நானே மரத்தடியில நின்னு விசில் அடிச்சுப் பாத்தேன். பறவையா இருந்தா மாறியிருக்கும். கொஞ்சம்கூட மாறல. அது மெஷின். எனக்குச் சொல்லவே வலிக்குது, அவ பொண்ணுக்கு நான் ஞானத்தகப்பன்."

அம்மா சொன்னாள், "எங்கிட்ட மெஷினே கிடையாதுடா."

யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள், "மக அந்தப் படிப்புதான படிக்கிறா."

அம்மா ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். அது அவளுக்கு எதிராகப் போனது. சொந்தக் குடும்பம்போல இருந்தவனே சொல்கிறான் என்றால் பொய்யாக இருக்காது என்று எல்லாரும் கை தூக்கினார்கள். லூபா அத்தை தூக்கவில்லை, அவளுக்கு ஓட்டும் இல்லை. அர்செனி நாற்காலி போட்டு ஏறி, பலகையைக் கழற்றினார்.

அதற்குப் பிறகு அம்மா லூபா அத்தையின் விருந்தினர் விடுதியில் துணி துவைத்தாள். காட்டுக்குள் ஆட்களைக் கூட்டிப்போக அனுமதி இல்லை. காட்டுக்குப் போகிற பாதை விடுதியின் துணிக்கொடியைத் தாண்டித்தான் போகும். அர்செனி தன் குழுவுடன் வரும்போது அம்மா படுக்கைவிரிப்புகளுக்குப் பின்னால் நின்று குட்டி ஆந்தைபோலச் சீழ்க்கை அடிப்பாள். விருந்தாளிகள் நின்றுவிடுவார்கள். பைனாகுலர் எல்லாம் மேலே போகும். அர்செனி திரும்பிப் பார்க்காமலே சொல்வார்:

"அது விரிப்பு ஆந்தைங்க. பறக்காது. சோப்பு தின்னும்."

"தின்னாலும் முழு ஆந்தைடா நான்! நீ பாதிப் புத்தகம்!" என்று விரிப்புக்குப் பின்னாலிருந்து அம்மா கத்துவாள்.

வருடக்கணக்காக இது நடந்தது. மழையானாலும் அவர் வருகிற நேரத்துக்கு அவள் கொடியடியில் நிற்பாள். ஒருநாள் கேட்டேன், "உனக்கு அலுக்கலையாம்மா?"

"அவனுக்கு அலுக்கட்டும். அப்புறம் எனக்கு அலுக்கலாம்."

இன்னொன்றும் உண்டு. பெருநோன்புக்கு முந்தைய மன்னிப்பு ஞாயிறு அன்று மாலைப் பூசை முடிந்து தேவாலயத்தில் எல்லாரும் வரிசையாக ஒருவரையொருவர் வணங்குவோம். "என்னை மன்னித்துவிடுங்கள்" என்று ஒருவர் சொன்னால் மற்றவர் சொல்ல வேண்டியது, "கடவுள் மன்னிப்பார், நானும் மன்னிக்கிறேன்." அர்செனி ஒவ்வொரு வருடமும் அம்மா முன்னால் வந்து குனிந்தார். அம்மா ஒவ்வொரு வருடமும் "கடவுள் மன்னிப்பார்" என்றாள். அங்கேயே நிறுத்தினாள். மிச்சப் பாதியை அவள் சொல்லி யாரும் கேட்டதில்லை.

நான் இப்போது பியாவிஸ்டோக்கில் செவிக்கருவிகளைச் சோதிக்கும் கூடத்தில் வேலை பார்க்கிறேன். எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது, உயிரிடமிருந்தா, ஸ்பீக்கரிடமிருந்தா, காது எப்போது ஏமாறும் என்பதுதான் என் வேலை. அம்மா இறந்த பிறகு வேறு எதையும் யோசிக்கவில்லை. அர்செனியின் சாட்சி முழுவதும் ஒரே ஒரு கால் மேல் நின்றது. தன் காது மெஷினையும் பறவையையும் பிரிக்கும் என்பது. அதை உடைத்தால் போதும். விருந்தாளிகள் முன்னால் ஒரு ஸ்பீக்கரைக் காட்டி "இதோ குட்டி ஆந்தை" என்று அவர் சொல்ல வேண்டும். அதன் பிறகு அம்மாவின் பலகை அந்தக் கொக்கியில் ஏற வேண்டும். அவளைத் திரும்ப எழுப்ப முடியாது. பலகையை எழுப்பலாம்.

நல்ல ஸ்பீக்கர் ஒன்றைச் செத்த மரப்பட்டைக்குள் பொருத்தினேன். ஒரு சுத்தமான பதிவை எடுத்து, இடைவெளிகளைக் கொஞ்சம் கொஞ்சம் கலைத்தேன். எந்தப் பறவையும் கடிகாரம்போலக் கூவாது. என் போனிலிருந்து இயக்கலாம். மன்னிப்பு ஞாயிறுக்கு முந்தைய நாள் லூபா அத்தையின் விடுதியில் தங்கியிருந்த டச்சுத் தம்பதியை அர்செனி கூட்டிப்போவதாக ஏற்பாடு. அவர் மார்ச்சில் எப்போதும் பழைய ரயில் பாதையில்தான் போவார். முந்தின நாளே போய், பாதை வளைகிற இடத்தில், ஒடிந்த ஸ்ப்ரூஸ் முண்டத்தின் பின்னால் வைத்துவிட்டு வந்தேன்.

விடியும்போது வேனில் ஏறினேன். லூபா அத்தை ஓட்டினாள். அர்செனி முன்னிருக்கையிலிருந்து திரும்பிப் பார்த்தார். வயதாகிவிட்டிருந்தது. நேராக நட்டவர், இப்போது முதுகு வளைந்திருந்தது.

"நீயும் வரியா, உல்யா?"

"வரேன் மாமா. இடம் இருக்குல்ல."

"இருக்கு. உங்கம்மா உக்காந்த இடம்தான்."

டச்சுப் பெண்மணியின் பெயர் மீகே. கணவர் யோஸ்ட். இரண்டு பேரும் தெர்மாஸ் மூடியில் காப்பியை மாற்றி மாற்றிக் குடித்தார்கள்.

காட்டுக்குள் பனி திட்டுத்திட்டாகக் கிடந்தது. தண்டவாளக் கட்டைகள் மேல் பாசி உறைந்து மொறுமொறுத்தது. சதுப்புப் பக்கம் கொக்குகள் கத்தத் தொடங்கியிருந்தன. அர்செனி நடந்தபடியே ஒவ்வொன்றாகச் சொன்னார். இது மூன்றுவிரல் மரங்கொத்தி தட்டுவது, அது கருப்பு மரங்கொத்தி. ஒன்றும் தப்பில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை.

வளைவுக்கு வந்தோம். கோட்டுப்பைக்குள் போனைத் தொட்டேன்.

முண்டத்தின் பின்னாலிருந்து குட்டி ஆந்தை கூப்பிட்டது. ஒற்றைச் சீழ்க்கை, இடைவெளி, மறுபடி. மீகே மூச்சை இழுத்துக்கொண்டு கணவரின் கையைப் பிடித்தாள். யோஸ்ட் பைனாகுலரை உயர்த்தினார். லூபா அத்தைகூட நின்றாள்.

அர்செனி தலையைச் சாய்த்துக் கேட்டார். கொஞ்ச நேரம்தான். பிறகு பாதையை விட்டு இறங்கி, பனியை மிதித்துக்கொண்டு நேராக முண்டத்துக்குப் போய், பின்னால் கை விட்டு, என் மரப்பட்டைப் பெட்டியை எடுத்தார். அவர் கையில் இருந்தபோதே அது இன்னும் ஒருமுறை கூவியது.

நான் போனை அழுத்தி நிறுத்தினேன்.

"நல்லா பண்ணியிருக்க," என்றார். ஜெர்மனில் இல்லை, எங்கள் பேச்சில். "பட்டையெல்லாம் ஒட்டி, இடைவெளியெல்லாம் கலைச்சு. ஆனா தலையைத் திருப்பலியேம்மா. ஒரே பக்கமா ஊதுது."

அவர் பெட்டியை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"உங்கம்மா செய்யலன்னு சொன்னா. நீ செஞ்சே காட்டிட்ட. இப்பவாவது புரியுதா நான் அன்னைக்கு எதைக் கேட்டேன்னு?" பிறகு லூபா அத்தையைப் பார்த்து, "கேட்டுக்கோ லூபா. இத்தனை வருஷமா என் முகத்துல கரி பூசினீங்க. எனக்கு டீ ஊத்தும்போதெல்லாம் முறைச்சியே. என் காது பொய் சொல்லுதா?"

மீகேவும் யோஸ்ட்டும் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அர்செனி அவர்களுக்காக ஜெர்மனுக்கு மாறினார். இது ஒரு கருவி, ஒழுங்கான வழிகாட்டி இப்படிச் செய்வதில்லை, இந்தப் பெண்ணின் தாய்கூட ஒருகாலத்தில் இதே தப்புக்காக நீக்கப்பட்டவள் என்றார்.

அவர் அதைச் சொன்ன நேரத்தில் எனக்கு அவரைத் தண்டவாளக் கட்டையோடு சேர்த்து நசுக்க வேண்டும்போல இருந்தது. அம்மாவுக்காக வந்து, அம்மா மேல் இன்னொரு கல்லைத் தூக்கிப் போட்டிருந்தேன்.

அப்போது ஆந்தை கூப்பிட்டது.

அவருக்குப் பின்னால், மேலே. ஒற்றைச் சீழ்க்கை, இடைவெளி, மறுபடி. ஒரே பக்கம், ஒரே அளவு.

அர்செனி கண்ணை மூடித் திறந்தார். "இன்னொன்னு வேற வச்சிருக்கியா? போ. எடுத்துட்டு வா."

என் கை பைக்கு வெளியே இருந்தது. போன் உள்ளே இருந்தது. அவர் தோளுக்கு மேலாகப் பார்த்தேன். செத்த ஸ்ப்ரூஸின் மொட்டை உச்சியில், ஒளிந்துகொள்ள ஒரு கிளைகூட இல்லாத இடத்தில், கைப்பிடி அளவு பறவை உட்கார்ந்திருந்தது. மார்பு உப்பியிருந்தது. கூப்பிடும்போதெல்லாம் தொண்டையில் வெள்ளை விரிந்தது. அதன் பார்வை நேராக அவர் கையிலிருந்த பெட்டி மேல் இருந்தது. தன் இடத்துக்குள் புகுந்த எதிரி அந்தப் பெட்டிதான். எதிரியை முகத்துக்கு முகம் பார்த்துக் கூவுகிற பறவை எதற்குத் தலையைத் திருப்பும்?

யோஸ்ட் பார்த்துவிட்டார். மெதுவாகப் பைனாகுலரைத் தூக்கினார். மீகேவும் தூக்கினாள். அவர்கள் தன் பேச்சைக் கேட்கவில்லை என்று அர்செனிக்குத் தெரியவில்லை. அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"மெஷினா மாமா அது?"

"பின்ன?"

"விசில் அடிச்சுப் பாருங்க. பறவையா இருந்தா மாறும்னு நீங்கதானே சொல்வீங்க."

"எத்தனை தடவை வேணாலும் அடிக்கறேன்." உதட்டைக் குவித்து அடித்தார். நல்ல சீழ்க்கை, அம்மாவிடம் கற்றது. மேலிருந்து பதில் வந்தது. அளவு மாறவில்லை, பக்கம் மாறவில்லை. கொஞ்சம் அவசரம் மட்டும் கூடியிருந்தது. மறுபடி அடித்தார். மறுபடி அதே.

"பாத்தியா? மாறல. அன்னைக்கும் அப்படியேதான் இருந்துச்சு, அச்சு அசல் இப்படியேதான். மெஷின்."

லூபா அத்தை சொன்னாள், "யோவ் அர்செனி. மேல பாரு."

அவர் முதலில் விருந்தாளிகளைப் பார்த்தார். இரண்டு பைனாகுலரும் தன் தலைக்கு மேல் நிற்பதைப் பார்த்தார். பிறகுதான் திரும்பினார்.

ஆந்தை அவரை நேராகப் பார்த்துக் கூவியது. இன்னொரு தடவை கூவியது. அவர் கையிலிருந்த பெட்டி மெல்லத் தாழ்ந்தது.

"அன்னைக்கு எங்க நின்னீங்க மாமா?" என்று கேட்டேன்.

அவர் இன்னும் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கூட்டத்துல நீங்களே சொன்னீங்க. மரத்தடியில. எந்த மரம்?"

"கூட்டு மரம்," என்றார்.

"என்ன பண்ணீங்க?"

"விசில் அடிச்சேன்."

"முட்டை இருந்தப்ப."

அவர் தலையை ஆட்டினார். ஆமாம் என்றா இல்லை என்றா என்று தெரியாத ஆட்டம். அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. இத்தனை வருடம் அவர் பொய் சொல்லவில்லை. காதில் விழுந்ததை அப்படியே சொல்லியிருந்தார். மரத்தடியில் நின்று தானே எதிரியாகி, தன்னை நோக்கிக் கூவிய பறவையை மெஷின் என்று மனதார நம்பியிருந்தார். எனக்கு அது பொய்யைவிட எரிந்தது. பொய்யன் என்றால் உள்ளுக்குள் கொஞ்சமாவது தூக்கம் கெட்டிருக்கும். இவர் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார். அம்மா துணி துவைத்திருக்கிறாள்.

மீகே மெதுவாக லூபா அத்தையிடம் என்ன நடக்கிறது என்று கேட்டாள். லூபா அத்தை தன் சந்தை ஜெர்மனில் எல்லாவற்றையும் சொன்னாள், ஒன்றையும் விடாமல். மீகே கேட்டுவிட்டு அர்செனியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அடைகாக்கும்போது, கூட்டுக்குக் கீழே நின்று, நீங்களா?"

அந்தக் கூடு உண்மையில் எதனால் காலியானது என்று எனக்குத் தெரியாது. மரநாய் பெண் ஆந்தையைத் தூக்கியிருக்கலாம். மே மாதத்தில் அது சாதாரணம். அர்செனி என் முகத்தைப் பார்த்தார், நான் அதைச் சொல்வேனா என்று. நான் சொல்லவில்லை. அம்மாவுக்காக அன்று யாரும் மரநாயைக் கூப்பிடவில்லை.

ஆந்தை பறந்தது. நாங்கள் வேனுக்குத் திரும்பினோம். வழியில் எத்தனையோ மரங்கொத்தி தட்டியது. அவர் எதற்கும் பெயர் சொல்லவில்லை.

விருந்தாளிகளை விடுதியில் இறக்கிவிட்டு, நேராக வழிகாட்டிகள் வீட்டுக்கு ஓட்டச் சொன்னேன். அர்செனி மறுக்கவில்லை. லூபா அத்தை கதவைத் திறந்து அடுப்பை மூட்டினாள்.

"அம்மா பலகை எங்க?"

"அப்பவே அடுப்புல போட்டுட்டேன்," என்றார். "இதே அடுப்புதான்."

"சரி. ஆணியைக் காய்ச்சுங்க."

"வேற பலகைக்கு ஓக் கட்டை வேணும் உல்யா. திங்கக்கிழமை மரக்கடை திறந்ததும் நானே—"

"கட்டை இருக்கு." நாற்காலியைப் போட்டு ஏறி, அவர் பலகையைக் கழற்றி மேசையில் கவிழ்த்து வைத்தேன். பின்பக்கம் வெறும் மரம், கொஞ்சம் சிலந்திவலை. "இதுல."

அவர் புரிந்துகொள்ள நேரமானது. புரிந்ததும் உட்கார்ந்துவிட்டார்.

"உல்யா, திருப்பி மாட்டினா நான் செத்ததுக்குச் சமம்."

"அம்மா சுவரைப் பாக்க வேணாம். நீங்க பாருங்க."

"நான் உன்னைக் கையில ஏந்தினவன்டி."

"தெரியும். கூட்டத்துலயும் அதைத்தான் சொன்னீங்க."

அவர் லூபா அத்தையைப் பார்த்தார். அவள் இடுக்கியால் ஆணியை அடுப்பிலிருந்து எடுத்து, நுனி சிவந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு நீட்டினாள். "ஆறிடும். சீக்கிரம் எழுது."

அவர் எழுதினார். புகை வந்தது. முதல் எழுத்து கோணலானது. நேராக நட்டவர்.

"சின்னதா இருக்கு. பெருசா எழுதுங்க," என்றேன்.

மிச்சத்தைப் பெரிதாக எழுதினார். அனிசியா. நான் அதை அம்மாவின் பழைய கொக்கியில் மாட்டினேன். அவருடைய கொக்கி காலியானது. பலகை திரும்பினால் குடிக்க வேண்டும் என்று லூபா அத்தை மூன்று கிளாஸ் ஊற்றினாள். இதில் யார் சாவுக்கு என்று யாரும் கேட்கவில்லை. அவரும் குடித்தார். பிறகு அங்கேயே உட்கார்ந்து மற்ற வழிகாட்டிகளுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்தார். நான் கோட்டைக் கழற்றாமல் நின்று எல்லாவற்றையும் கேட்டேன். யாரிடமும் அவர் சுற்றி வளைக்கவில்லை. "நான் கேட்டது பறவைதான். அனிசியா செய்யல. நான்தான் மரத்தடியில நின்னேன்." ஒரே வாக்கியங்களை எல்லாரிடமும் சொன்னார். கடைசி ஆள் என்ன கேட்டானோ, "ஆமா, பாதிப் புத்தகம்தான்," என்றார்.

மறுநாள் மாலைப் பூசைக்குத் தேவாலயம் நிறைந்திருந்தது. செய்தி எல்லாருக்கும் போயிருந்தது, முகங்களில் தெரிந்தது. வரிசை தொடங்கியது. குனிந்தார்கள், குனிந்தேன். மன்னித்துவிடுங்கள், கடவுள் மன்னிப்பார், நானும் மன்னிக்கிறேன். லூபா அத்தை என் முன் வந்து மெல்ல, "உன் பங்குக்கு நானும் அவனைக் கொஞ்சம் வறுத்தேன், மன்னிச்சிரு," என்றாள். சிரிப்பு வந்துவிடும்போல இருந்தது.

அவளுக்கு அடுத்து அர்செனி.

தரையைக் கை தொடும்வரை குனிந்தார். வழக்கமாக யாரும் அவ்வளவு குனிவதில்லை. வயதானவர், எழுந்திருக்கச் சிரமப்பட்டார். நான் கை கொடுக்கவில்லை.

"என்னை மன்னிச்சிரு, உல்யா."

"கடவுள் மன்னிப்பார்," என்றேன்.

அவர் காத்திருந்தார். தலையைச் சாய்த்து, காட்டில் கேட்பாரே, அதேபோலக் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார். பின்னால் வரிசை நின்றது. மெழுகுவர்த்திப் பக்கம் யாரோ செருமினார்கள். மிச்சச் சொற்கள் எனக்குத் தெரியும். அன்று அதற்கு முன்னால் எத்தனையோ பேரிடம் சொல்லியிருந்தேன்.

அவர் நகர்ந்தார்.

அவருக்குப் பின்னால் ரொட்டிக் கடைக்காரரின் மனைவி. பெயர்கூட எனக்குச் சரியாகத் தெரியாது. அவள் குனிந்து மன்னிப்புக் கேட்டாள். அவளுக்கு முழுவதும் சொன்னேன், பக்கத்தில் நகர்ந்து நின்றவருக்கும் கேட்கிற மாதிரி.